ஊசி குத்தினால் வலி போகுமா? அக்குபங்சர் கேள்வி பதில்

மூட்டு வலி, இடுப்பு வலி, ஒற்றைத் தலைவலி என்று வலியோடு நாளைத் தள்ளுகிறவர்களிடமிருந்து அக்குபங்சர் பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறோம்.

எனக்கு 56 வயது. இரண்டு முழங்காலிலும் வலி. மாடிப்படி இறங்கும்போது உயிர் போகிறது. எக்ஸ்ரே பார்த்த எலும்பு மருத்துவர், “தேய்மானம்தான், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்” என்றார். அக்குபங்சர் செய்துகொண்டால் தேய்மானம் சரியாகுமா? எத்தனை முறை போக வேண்டும்?
– வாசகி, தஞ்சாவூர்

தேய்மானம் சரியாகாது. தேய்ந்துபோன குருத்தெலும்பை எந்த ஊசியும் திரும்ப வளர்க்காது. வளர்க்கும் என்று யாராவது சொன்னால் அவரிடம் போகாதீர்கள். ஆனால் வலி குறைய வாய்ப்பு இருக்கிறது. எக்ஸ்ரேயில் மூட்டு மோசமாகத் தெரிந்தும் வலியில்லாமல் நடமாடுகிறவர்கள் உண்டு. படத்தில் ஒன்றும் பெரிதாகத் தெரியாமல் வலியில் தவிப்பவர்களும் உண்டு. நரம்புகள் வலியை எவ்வளவு உரக்க மூளைக்குச் சொல்கின்றன என்பதில்தான் ஊசி வேலை செய்கிறது.

முழங்காலுக்குச் செய்யும்போது மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து, கால் சற்று மடங்கியிருக்கும்படி செய்வார்கள். இப்படி மடக்கினால் முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் குழி தெரியும். அந்த இரண்டு குழிகளும் முக்கியமான புள்ளிகள். வெளிப்பக்கக் குழியிலிருந்து உங்கள் நான்கு விரல் அகலம் கீழே இறங்கி, கணுக்கால் பக்கம் ஓடும் முன் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளினால் எஸ்.டி. 36. (இப்படி எழுத்தும் எண்ணுமாக வருபவை அக்குபங்சர் புள்ளிகளின் பெயர்கள்.) வெளிப்பக்கம் உருண்டையாகத் தட்டுப்படும் சிறிய எலும்புத் தலைக்குச் சற்று முன்னும் கீழுமாக ஜி.பி. 34. உள்பக்கம், முழங்காலுக்குக் கீழே எலும்பு வளையும் பள்ளத்தில் எஸ்.பி. 9. இவற்றோடு, அழுத்திப் பார்த்தால் உங்களுக்கு எங்கே சுருக்கென்று வலிக்கிறதோ அந்த ஒன்றிரண்டு இடங்கள். ஒரு காலுக்கு ஆறு முதல் பத்து ஊசி வரை போடலாம். 20 முதல் 30 நிமிடம் அப்படியே விட்டு எடுப்பார்கள். விரல் அளவு என்பது உங்கள் விரல் அளவுதான், சிகிச்சை தருகிறவரின் விரல் அல்ல. உயரமானவருக்கும் குட்டையானவருக்கும் ஒரே சென்டிமீட்டர் கணக்கு பொருந்தாது.

எத்தனை முறை? ஜெர்மனியில் 1,007 முழங்கால் நோயாளிகளை வைத்து நடந்து 2006-ல் வெளியான ஆய்வில் ஆறு வாரத்துக்குள் 10 முறை செய்தார்கள். ஓரளவு குணம் தெரிந்தவர்களுக்கு மட்டும் மேலும் 5 முறை. இதையே நீங்களும் அளவாக வைத்துக்கொள்ளலாம். முதல் மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டு முறை, பிறகு வாரம் ஒருமுறை. முதல் இரண்டு தடவையில் ஒன்றும் தெரியாமல் போவது சகஜம். ஆறாவது தடவை முடிந்தும் துளியும் மாற்றமில்லை என்றால், 30 தடவை போனாலும் மாற்றம் வரும் என்று நம்ப இடமில்லை. அதோடு நிறுத்திவிடுங்கள்.

மாற்றம் இருக்கிறதா என்று ஞாபகத்தை நம்பிச் சொல்ல முடியாது. முதல் தடவை போவதற்கு முன்பே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். தினமும் இரவு, அன்றைய வலிக்குப் பூஜ்யத்திலிருந்து 10-க்குள் ஒரு எண். மாடிப்படி எத்தனை இறங்க முடிந்தது, எத்தனை வலி மாத்திரை போட்டீர்கள், இரவில் வலியால் விழித்தீர்களா. 7 என்பது 5-க்கு இறங்கினால் அது உண்மையான முன்னேற்றம். 7-லிருந்து 6.5 ஆனது என்றால் அதற்காகப் பஸ் ஏறி அலைய வேண்டியதில்லை.

இன்னொன்று. வலி குறைந்திருக்கும் அந்த வாரங்களில்தான் தொடைத் தசைக்கு உடற்பயிற்சி தொடங்க வேண்டும். படுத்தபடி முழங்காலை நீட்டி, அதற்குக் கீழே சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து, துண்டைத் தரையோடு அழுத்தி ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை. முழங்காலைத் தாங்குவது அந்தத் தசைதான். ஊசி மட்டும் போட்டுக்கொண்டு பயிற்சியை விட்டுவிட்டால், கொஞ்ச நாளில் வலி பழைய இடத்துக்கே வந்துவிடும்.

ஊசி என்றாலே எனக்குப் பயம். மருந்து ஊசி போல வலிக்குமா? உள்ளே ஏதாவது மருந்து போகிறதா?
– வாசகர், கோவில்பட்டி

மருந்து எதுவும் போவதில்லை. மருந்து ஊசிக்கு நடுவில் துளை உண்டு, இதற்குக் கிடையாது. இது முனை கூராக்கிய மெல்லிய எஃகுக் கம்பி. கை கால்களுக்குப் பெரும்பாலும் 0.25 மி.மீ. தடிமன், 25 அல்லது 40 மி.மீ. நீளம். முகத்துக்கும் காதுக்கும் இதைவிட மெலிதானது. பிட்டத்தின் தடித்த தசைக்கு 0.30 மி.மீ. தடிமனில் 75 மி.மீ. நீளம் வரை தேவைப்படும். ரத்தப் பரிசோதனைக்குக் குத்தும் ஊசி சாதாரணமாக 0.8 மி.மீ. தடிமன் இருக்கும் என்பதால் வித்தியாசத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஊசியைச் சிறிய பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்து, குழாயைத் தோலில் அழுத்தி, மேலே நீட்டியிருக்கும் கைப்பிடியை விரலால் ஒரு தட்டு தட்டுவார்கள். குழாய் அழுத்துவது தெரியும், ஊசி நுழைவது பலருக்குத் தெரியவே தெரியாது. பிறகு மெல்ல உள்ளே செலுத்தி இரண்டு பக்கமும் லேசாகத் திருகும்போது ஒரு கனம், மந்தமான வலி, அந்த இடம் உப்பியது போன்ற உணர்வு, சில சமயம் கால் வரை பரவும் கூச்சம் வரும். இதைச் சீன மருத்துவத்தில் ‘தே சி’ என்பார்கள். வர வேண்டிய உணர்வுதான், பயப்பட வேண்டாம்.

வரக் கூடாதவை இரண்டு. ஷாக் அடித்ததுபோல் பளிச்சென்று ஓடினால் ஊசி நரம்பைத் தொட்டிருக்கிறது. உடனே சொல்லுங்கள், சற்று வெளியே இழுத்து வேறு பக்கம் செலுத்த வேண்டும். எரிச்சலாகச் சுருக் சுருக்கென்று நிற்காமல் குத்தினால் ஊசி தோலிலோ ரத்தக் குழாய்ச் சுவரிலோ நின்றிருக்கிறது. அதை எடுத்துவிட்டு வேறாகப் போட வேண்டும். தோலைத் துடைத்த ஸ்பிரிட் காய்வதற்குள் குத்தினாலும் எரியும். பொறுமையில்லாத கைகள் அடிக்கடி செய்கிற தவறு அது. “இன்னும் ஈரமாக இருக்கிறதே” என்று கூசாமல் சொல்லுங்கள்.

முதல் தடவை ஊசி போட்டதும் என் தம்பிக்கு வியர்த்துக்கொட்டி மயக்கம் வந்துவிட்டது. அவனுக்கு இது ஒத்துக்கொள்ளாதா?
– வாசகி, விழுப்புரம்

வெறும் வயிற்றில் போனாரா, உட்காரவைத்துப் போட்டார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். பயத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்குவதால் வரும் மயக்கம் இது. ரத்தம் எடுக்கும்போது சிலர் மயங்குவதும் இதே காரணத்தால்தான். எல்லா ஊசிகளையும் உடனே எடுத்து, படுக்கவைத்து, காலைத் தூக்கி வைத்தால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். அடுத்த தடவை ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். படுத்த நிலையில், நான்கே ஊசியோடு தொடங்கட்டும். முடிந்ததும் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். சிலருக்கு அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் தூக்கம் கண்ணைச் சுழற்றும் என்பதால் முதல் நாள் வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல் வரை மின்னல் வெட்டுவது போல் வலி. எம்.ஆர்.ஐ. எடுக்காமலே அக்குபங்சர் தொடங்கலாமா?
– வாசகர், ஓசூர்

எம்.ஆர்.ஐ. எல்லாருக்கும் தேவையில்லை. ஒரு மருத்துவர் கையால் பரிசோதிப்பது கட்டாயம் தேவை. ஊசி போடுவதற்கு முன் உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை எழுதுகிறோம். இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் அக்குபங்சரை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிறுநீர் கழிப்பது தெரியாமல் போகிறதா, அல்லது வராமல் அடைத்துக்கொண்டிருக்கிறதா? ஆசன வாயைச் சுற்றியும் தொடையின் உள்பக்கமும் மரத்துப்போயிருக்கிறதா? இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கற்றை நசுங்கினால் மணிக்கணக்கில் தாமதித்தாலும் நிரந்தரப் பாதிப்பு வரும். கால் பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுகிறதா? மாலையில் காய்ச்சல், எடை இறங்குவது, படுத்தாலும் தணியாத ராத்திரி வலி உண்டா? நம் ஊரில் முதுகெலும்பில் காசநோய் இன்னும் பார்க்கிற நோய்தான். அதை ‘டிஸ்க்’ என்று நினைத்து மாதக்கணக்கில் ஊசி போட்டு நாளைக் கடத்தக் கூடாது. முன்பு புற்றுநோய் வந்தவரா, நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவரா, சமீபத்தில் கீழே விழுந்தவரா?

எதற்கும் ‘ஆம்’ இல்லையென்றால் தாராளமாக முயலலாம். கால் வரை இழுக்கும் இப்படிப்பட்ட வலி பலருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் தானாகவே தணியும் என்பதும் தெரிந்திருக்கட்டும். அந்த வாரங்களை ஓட்டுவதற்கு ஊசி கைகொடுத்தால் நல்லது. குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். இரண்டாவது, நான்காவது இடுப்பு முள்ளெலும்புகளுக்குப் பக்கவாட்டில் ஒன்றரைப் பெருவிரல் அகலம் தள்ளி பி.எல். 23, பி.எல். 25, பிட்டத்தில் ஜி.பி. 30; முழங்கால் மடிப்பின் நடுவே பி.எல். 40, வெளிக் கணுக்காலுக்கும் குதிகால் நாணுக்கும் நடுப்பள்ளத்தில் பி.எல். 60. பி.எல். 40-க்கு அடியில் பெரிய ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அங்கே ஆழமாகக் குத்தக் கூடாது. ஊசி உடம்பில் இருக்கும்போது இருமினாலும் புரண்டாலும் தசை இறுகி ஊசி வளையும், சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் பலமாக இழுக்கக் கூடாது. ஒரே பக்கமாகத் திருகியதால் தசைநார் சுற்றிக்கொண்டிருந்தால் எதிர்ப்பக்கம் திருகினால் விடும். தசை இறுகியதால் என்றால் சுற்றிலும் நீவிவிட்டு இரண்டு நிமிடம் காத்திருந்தால் தானாகத் தளரும்.

ஊசிகளில் கிளிப் மாட்டி மெஷினில் கரண்ட் கொடுக்கிறார்கள். ஆபத்தில்லையா? இதனால் கூடுதல் பலன் உண்டா?
– வாசகர், சிவகாசி

பேட்டரியில் ஓடும் சிறிய கருவி அது. வீட்டு மின்சாரம் உடம்புக்குள் வருவதில்லை. சீனாவில் பெக்கிங் பல்கலைக்கழகத்தின் ஹான் ஜீ ஷெங் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். விநாடிக்கு 2 துடிப்பு கொடுத்தால் எங்கெஃபலின், எண்டார்ஃபின் வகை வலி நிவாரணிகளும், 100 துடிப்பு கொடுத்தால் டைனார்ஃபின் என்ற வேறு வகையும் நரம்பு மண்டலத்தில் சுரக்கின்றன என்பது அவர் கண்டது. அதனால்தான் பல கருவிகளில் 2, 100 இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் அமைப்பு வைத்திருக்கிறார்கள். மெதுவான துடிப்பில் தசை துள்ளுவது கண்ணுக்குத் தெரியும். வேகமான துடிப்பில் கூச்சம் மட்டும் தெரியும்.

கவனிக்க வேண்டியவை: கருவியின் திருகு பூஜ்யத்தில் இருக்கும்போதுதான் கிளிப் மாட்டவும் கழற்றவும் வேண்டும். பிறகு மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். ‘பலமாக இருக்கிறது, ஆனால் தாங்க முடிகிறது’ என்னும் அளவு போதும். பல்லைக் கடித்துத் தாங்குவதால் பலன் கூடாது. ஒரு ஜோடி கிளிப்பை இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மார்புக்குக் குறுக்கே மாட்டக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இது கூடாது. கர்ப்பிணிகளுக்கும் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் வேண்டாம். பிளாஸ்டிக் கைப்பிடி ஊசியில் கிளிப் மாட்டினால் கரண்ட் போகாது. “எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே” என்கிறவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது ஊசியின் கைப்பிடியைத்தான்.

எங்கள் ஊரில் ஊசியே போடாமல், நாடி பார்த்து ஒரு விரலால் ஒரே ஒரு புள்ளியைத் தொட்டு சிகிச்சை தருகிறார் ஒருவர். என் அப்பாவுக்கு முதுகு வலிக்காகப் போனோம். பிரஷர் மாத்திரை, இன்சுலின் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார். காய்ச்சல் வந்தால் “கழிவு வெளியேறுகிறது” என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, பெரம்பலூர்

இன்சுலினை நிறுத்தாதீர்கள். இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்கு முன்பே அப்பாவிடம் போனில் சொல்லிவிடுங்கள்.

இன்சுலினையே முழுவதுமாக நம்பியிருக்கும் உடம்பில் அதை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறும். வாந்தி, வயிற்று வலி, பெருமூச்சு, மயக்கம் என்று வரும். இதைத்தான் “கழிவு வெளியேறுகிறது” என்று விளக்கம் சொல்லி வீட்டிலேயே வைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பிரஷர் மாத்திரைகளிலும் அட்டினோலால் போன்ற பீட்டா பிளாக்கர்களையும் குளோனிடினையும் திடீரென்று நிறுத்தினால் அழுத்தமோ துடிப்போ முன்பிருந்ததைவிட எகிறும். நெஞ்சு வலி வரலாம்.

விரலால் தொடுவதில் தனியாக ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் வலிக்கு அக்குபங்சர் பலன் தருகிறது என்று இந்தப் பக்கத்தில் நாம் சொல்லும் ஆய்வுகள் எல்லாம் ஊசி குத்திச் செய்தவை. அந்தப் பலனை ஒற்றைத் தொடுதலுக்குப் பொருத்திச் சொல்ல முடியாது. முதுகு வலிக்கு ஊசி போடுகிற எந்த நல்ல சிகிச்சையாளருக்கும் உங்கள் அப்பாவின் இன்சுலினிலோ பிரஷர் மாத்திரையிலோ கைவைக்கும் வேலை இல்லை. “மாத்திரையை நிறுத்தினால்தான் சிகிச்சை வேலை செய்யும்” என்று நிபந்தனை போட்டால், எழுந்து வந்துவிடுங்கள். வலி நன்றாகக் குறைந்த பிறகு வலி மாத்திரையைக் குறைக்கலாம். அதைக்கூட எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மாதத்தில் ஏழெட்டு நாள் ஒற்றைத் தலைவலி. வலி வந்திருக்கும்போது போய் ஊசி போட வேண்டுமா, வராத நாளில் போட வேண்டுமா? வீட்டிலேயே புள்ளிகளை அழுத்திக்கொள்ளலாமா?
– வாசகி, மதுரை

வராத நாளில். ஒற்றைத் தலைவலிக்கு அக்குபங்சரின் நல்ல பயன், அடுத்தடுத்து வருவதைக் குறைப்பதுதான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் கோக்ரேன் அமைப்பு 2016-ல் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வழக்கமான கவனிப்போடு அக்குபங்சரும் செய்துகொண்டவர்களில் 100-க்கு 41 பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. செய்யாதவர்களில் 100-க்கு 17 பேருக்கு. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான ‘நைஸ்’, தடுப்பு மாத்திரைகள் ஒத்துவராதவர்களுக்கு ஐந்திலிருந்து எட்டு வாரத்துக்குள் 10 முறை வரை செய்து பார்க்கலாம் என்கிறது.

அதற்கு முன் ஒரு கணக்கைப் பாருங்கள். பாரசிட்டமால் போன்ற சாதாரண மாத்திரையை மாதத்தில் 15 நாளோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகையையோ பல மருந்து கலந்த தலைவலி மாத்திரையையோ மாதத்தில் 10 நாளோ மூன்று மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கிக்கொண்டிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் ஊசி போட்டால் பணம்தான் செலவாகும்.

வீட்டில் அழுத்துவதற்கு இரண்டு இடம் சொல்கிறோம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்தால் புறங்கையில் சதை மேடாக எழும். அந்த மேட்டின் உச்சி எல்.ஐ. 4. விரலைத் தளர்த்திவிட்டு, மறு கையின் கட்டைவிரலால் ஆள்காட்டி விரல் எலும்பை நோக்கி அழுத்துங்கள். இரண்டாவது, மண்டைக்குக் கீழே பிடரியின் இரண்டு பக்கமும் இருக்கும் குழிகள், ஜி.பி. 20. இரண்டு கட்டைவிரலையும் அந்தக் குழிகளில் வைத்து, எதிர்ப்பக்கக் கண்ணை நோக்கி மேலே அழுத்துங்கள். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நிமிடம். இதமான வலி இருக்க வேண்டும், கன்றிப்போகும் அளவுக்கு வேண்டாம். வலி தொடங்கும் அறிகுறி தெரிந்ததும் செய்தால் சிலருக்கு அடங்குகிறது; முற்றிய பிறகு அவ்வளவாக உதவாது. தலைவலியோடு குமட்டலும் இருந்தால், மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் மேலே, உள்ளங்கைப் பக்கம், இரண்டு நாண்களுக்கு நடுவே பி.சி. 6-ஐ அழுத்துங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு எல்.ஐ. 4, உள் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே இருக்கும் எஸ்.பி. 6, அடிவயிறு, இடுப்பெலும்பின் அடிப்பகுதி ஆகிய இடங்களைத் தவிர்ப்பது நீண்ட கால வழக்கம். பி.சி. 6-ஐ அழுத்துவதில் தடையில்லை.

இதுவரை கண்டிராத கொடூரமான தலைவலி சட்டென்று வெடித்தாலோ, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்கி மெல்லும்போது தாடை வலித்தாலோ, பார்வை மங்கினாலோ விரலும் வேண்டாம் ஊசியும் வேண்டாம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

தோளில் ஊசி போட்டால் நுரையீரல் ஓட்டையாகும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், நாகர்கோவில்

மிக அபூர்வம். ஆனால் உண்மை. ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியிட்ட கணக்கில் இரண்டு பேருக்கு அப்படி நேர்ந்திருந்தது. கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே ஜி.பி. 21 என்ற இடம் இருக்கிறது. கழுத்து வலி என்று வருகிற எல்லாருக்கும் விரல் முதலில் போகிற இடம் அது. அதற்கு நேர் கீழே நுரையீரலின் மேல் நுனி. முதுகில் தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவிலும் இதே கதைதான். மெலிந்த உடம்பில் தோலிலிருந்து நுரையீரல் உறைக்கு ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். தெரிந்தவர்கள் அங்கே நீள ஊசியை எடுக்க மாட்டார்கள். தோள் சதையைக் கிள்ளித் தூக்கிப் பிடித்து, முன்னிருந்து பின்னாக அந்தச் சதைக்குள்ளேயே நுழைப்பார்கள்; அல்லது மிகச் சாய்வாக, தோலை ஒட்டிப் போடுவார்கள். நேராகக் கீழ் நோக்கி இறக்குவதைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். நடு மார்பெலும்பிலும் சாய்வாகத்தான் போட வேண்டும். நூற்றில் ஐந்தாறு பேருக்குப் பிறவியிலேயே அந்த எலும்பில் சிறு துளை இருக்கும், அதற்குப் பின்னால் இதயம்.

தோளிலோ மேல் முதுகிலோ மார்பிலோ ஊசி போட்ட அன்றும் மறுநாளும் மூச்சு இழுத்தால் குத்தும் வலி, மூச்சு வாங்குதல், வறட்டு இருமல் வந்தால் அவசரப் பிரிவுக்குப் போய் “இந்த இடத்தில் அக்குபங்சர் ஊசி போட்டார்கள்” என்று சொல்லுங்கள். மார்பு எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். ஊசி போட்ட உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

பொய் ஊசி போட்டாலும் இதே பலன் வருகிறது என்று படித்தேன். அப்படியானால் இது வெறும் நம்பிக்கைதானே?
– வாசகர், சென்னை

நீங்கள் படித்தது சரி. அதை மறைத்துவிட்டு அக்குபங்சரைப் பரிந்துரைப்பது நேர்மையில்லை. ஜெர்மனியில் இடுப்பு வலிக்கு 1,162 பேரை மூன்று பிரிவாக்கிச் செய்து 2007-ல் வெளியான ஆய்வைப் பாருங்கள். முறைப்படி புள்ளி பார்த்து ஊசி போட்டவர்களில் ஆறு மாதம் கழித்து 47.6 சதவீதம் பேருக்குப் பலன். புள்ளி இல்லாத இடத்தில், ஆழமில்லாமல், திருகாமல் போட்டவர்களில் 44.2 சதவீதம். மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம். நாம் முன்பு சொன்ன முழங்கால் ஆய்விலும் கிட்டத்தட்ட இதே நிலை: அதே வரிசையில் 53, 51, 29 சதவீதம்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. எந்தப் புள்ளி என்பது பாடப் புத்தகங்கள் வலியுறுத்தும் அளவுக்கு முக்கியமில்லாமல் இருக்கலாம். அதே சமயம், இரண்டு விதமாக ஊசி போட்டவர்களும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடத் தெளிவாக முன்னே நிற்கிறார்கள். புள்ளி தவறிய ஊசியும் ஊசிதான். தோலையும் தசையையும் தூண்டத்தான் செய்கிறது. அதோடு அரை மணி நேரம் படுத்திருப்பது, ஒருவர் அக்கறையாகக் கேட்பது, குணமாகும் என்ற எதிர்பார்ப்பு எல்லாமே வலியைக் குறைப்பவை. 39 ஆய்வுகளில் பங்குபெற்ற 20,827 பேரின் விவரங்களைத் தனித்தனியாக எடுத்துச் சேர்த்து 2018-ல் வெளியான அலசலில், உண்மை ஊசி பொய் ஊசியைவிட மேலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. பலன் ஓராண்டு கழித்தும் பெருமளவு நீடித்தது என்பதும் அதில் தெரிந்தது.

உடம்பில் ஒன்றுமே நடப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. மூளையின் சொந்த வலி நிவாரணிகளைத் தடுக்கும் நலாக்ஸோன் மருந்தைக் கொடுத்தால் ஊசியால் கிடைத்த வலிக் குறைவு மறைகிறது என்று 1977-லேயே காட்டினார்கள். 2010-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலிகளின் காலில், மனிதனின் எஸ்.டி. 36-க்கு இணையான இடத்தில் ஊசியைத் திருகியபோது அங்கே அடினோசின் என்ற பொருள் பல மடங்கு கூடி, வலியைக் கடத்தும் நரம்பை அடக்கியதைக் கண்டார்கள்.

வழிகாட்டு அமைப்புகளும் ஒரே குரலில் பேசவில்லை. ‘நைஸ்’ தலைவலிக்கும், 2021 முதல் காரணம் தெரியாத நாட்பட்ட வலிக்கும் அக்குபங்சரை ஏற்கிறது. இடுப்பு வலிக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் வேண்டாம் என்கிறது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2020 முதல் நாட்பட்ட இடுப்பு வலிக்கு 90 நாளில் 12 முறைக்குப் பணம் தருகிறது. முன்னேற்றம் தெரிந்தால் மேலும் 8. உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் இடுப்பு வலிக்கான வழிகளில் ஊசியைச் சேர்த்திருக்கிறது. ஆகவே எங்கள் கருத்து இது: மற்ற வழிகளில் அடங்காத நாட்பட்ட வலிக்கு, நோட்டில் எழுதிக்கொண்டு, பத்துத் தடவை என்ற வரம்போடு முயல்வதில் நியாயம் இருக்கிறது. இருதய நோய், சர்க்கரை, புற்றுநோய் எல்லாவற்றையும் தீர்க்கும் என்ற பேச்சில் நியாயம் இல்லை.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். ஊசி போடலாமா?
– வாசகர், காரைக்குடி

போடலாம், சொல்லிவிட்டுப் போட வேண்டும். ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை எடுப்பவராக இருந்தால் அது உங்கள் மருத்துவர் சொன்ன அளவுக்குள் இருக்கட்டும். மெல்லிய ஊசி, ஆழமில்லாத இடங்கள், பலமாகத் திருகாமல் செய்ய வேண்டும். எடுத்ததும் ஒவ்வொரு இடத்தையும் பஞ்சால் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். ஊசிக்காக மாத்திரையை ஒரு நாள்கூட விடாதீர்கள். ஒரு நீலத் தழும்புக்குப் பயந்து பக்கவாதத்தை வரவழைத்துக்கொள்வதாகிவிடும்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்திருக்கிறது. பாதத்தில் ஊசியும் மூலிகைச் சூடும் வைக்கிறார்கள். சரிதானா?
– வாசகி, ஈரோடு

சூடு வேண்டவே வேண்டாம். மாசிபத்திரி இனத்துச் செடியின் காய்ந்த இலையைச் சுருட்டிப் பற்றவைத்துப் புள்ளிகளுக்கு அருகே காட்டும் முறை அது. சூடு உணராத பாதத்தில் கொப்புளம் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அது ஆறாத புண்ணாகலாம். மரத்த பாதத்தில் ஊசியையும் தவிர்த்து, கணுக்காலுக்கு மேலே நல்ல தோல் உள்ள இடங்களில் மட்டும் போடச் சொல்லுங்கள்.

நல்ல சிகிச்சையாளரை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், புதுச்சேரி

சான்றிதழ்கள் பலவிதம். இந்தியாவில் அக்குபங்சருக்கென்று மேற்கு வங்கம் 1996-லும் மகாராஷ்டிரம் 2015-லும் தனிச் சட்டம் கொண்டுவந்தன. தமிழ்நாட்டில், ஐந்தரை ஆண்டு படித்த பி.என்.ஒய்.எஸ். இயற்கை மருத்துவர்களுக்குப் பாடத்திட்டத்திலேயே அக்குபங்சர் உண்டு. வலி சிகிச்சை மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் சிலர் தனியாகப் பயின்றிருக்கிறார்கள். வார இறுதி வகுப்பில் பெற்ற பட்டயத்தை மட்டும் நம்பி முதுகைக் காட்ட வேண்டாம்.

சுவரில் மாட்டியதைவிட மேசையில் நடப்பதைப் பாருங்கள். ஊசிப் பாக்கெட்டை உங்கள் கண்ணெதிரே கிழிக்கிறார்களா? காலாவதித் தேதி அச்சாகியிருக்கிறதா? ‘உங்கள் ஊசியை உங்களுக்கென்றே தனியாக எடுத்துவைத்து அடுத்த தடவையும் போடுகிறோம்’ என்றால் மறுத்துவிடுங்கள். அக்குபங்சரால் மஞ்சள் காமாலை பி வகை பரவியது இப்படி ஊசியைத் திரும்பப் பயன்படுத்திய இடங்களில்தான். எடுத்த ஊசி, குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும், குப்பைக் கூடைக்குள் அல்ல. போடும்போது எத்தனை, எடுக்கும்போது எத்தனை என்று எண்ணுகிறார்களா என்றும் கவனியுங்கள். தலைமுடிக்குள்ளும் பின்கழுத்திலும் போட்டது மறந்துபோய் வீடு வரை வருவதுண்டு. நீங்களும் எண்ணிக்கொள்ளுங்கள்.

முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்த காலில் வலிக்கு ஊசி போடலாமா?
– வாசகி, சேலம்

செயற்கை மூட்டைச் சுற்றி வேண்டாம். உள்ளே கிருமி போனால் உலோகத்தின்மீது படிந்துகொள்ளும். மருந்தால் அழிப்பது கடினம், சில சமயம் மூட்டையே எடுக்க நேரும். தொடையின் மேல்பகுதியிலோ மற்றக் காலிலோ கையிலோ போடலாம். ஆபரேஷன் ஆகி நாளாகியும் வலி நீடித்தால், மூட்டு தளர்ந்திருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்று முதலில் அறுவை மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.